ஆணி இல்லாத கட்டில்

உலு திராம்,
3 மார்ச்

அன்புள்ள ஷாமளா அக்காவுக்கு,

தங்கை கஸ்தூரி எழுதுகிறேன். நீங்களும் அத்தானும் மூவாரில், மகள் மலர் ஜொகூர் பாருவில் என்று எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகமில்லை. அதனால்தான் கடிதம்.

இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் பதிலே இல்லையே, இவளுக்கு என்ன கொழுப்பு என்று நினைத்திருப்பீர்கள். என் கைப்பேசியை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் போட்டுவிட்டேன். வைஃபையும் பிடுங்கியாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

லோஷினிக்குப் போன மாதத்திலிருந்து காலை வேளையில் கை உதறுகிறது. மைலோ கோப்பையைப் பிடித்திருக்கும்போதே தூக்கி எறிகிற மாதிரி ஓர் உதறல். பதினோரு வயதுப் பிள்ளை வேண்டுமென்றே செய்கிறாள் என்று நானே முதுகில் ஒன்று வைத்தேன். பாவி நான். பிறகு ஒரு நாள் பள்ளிச் சபைகூடல் வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளி. நான் ஓடிப் போவதற்குள் அடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து என் கண் முன்னாலேயே வந்தது. என் மாமியார் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். நான் கத்தியதில் பக்கத்து வீட்டுச் சீனர்கூட வந்துவிட்டார்.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். "குடும்பத்துல யாருக்காச்சும் வலிப்பு இருக்கா?" என்று கேட்டார். "எங்க பக்கமும் இல்ல, அவங்க பக்கமும் இல்ல டாக்டர்" என்றேன். மாத்திரை கொடுத்தார். தலையில் ஒயர் ஒட்டி மூளையைச் சோதிக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்றார்.

யாருக்கும் இல்லாதது என் பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? தேடித் தேடி ஒரு வீடியோ பார்த்தேன். வீட்டு மின்சாமான்களிலிருந்து வரும் காந்த அலை சின்னப் பிள்ளைகளின் மூளையைக் கலக்கிவிடுமாம். அதை அளக்கிற கருவியையும் ஆன்லைனில் வாங்கினேன். இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சிவப்பு. மைக்ரோவேவ், சிவப்பு. சாமி மேடையில் மின்விளக்கு எரிகிறதே, அங்கேயும் சிவப்பு. கடைசியில் லோஷினி தலைமாட்டில் வைத்தேன். அலறியது அக்கா. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் மெயின் சுவிட்ச் பெட்டி. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் பிள்ளை அதில் தலையை வைத்துத்தான் தூங்கியிருக்கிறாள். அவள் வயிற்றில் இருந்தபோது அந்த இண்டக்‌ஷன் அடுப்பில் வயிறு இடிக்க இடிக்க நின்று முறுக்கு சுட்டவளும் நான்தான்.

எம்.ஆர்.ஐ. என்பதே பெரிய காந்தமாம். காந்தத்தால் கெட்ட தலையைக் கொண்டுபோய்க் காந்தத்துக்குள்ளேயே விடுவதா? பெற்ற அப்பன் விஜயனே "அலமாக், உனக்குத்தான் மொதல்ல ஸ்கேன் எடுக்கணும்" என்கிறார். நீங்கள்தான் எனக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். தூக்கமே இல்லை.

உங்கள் தங்கை
கஸ்தூரி


மூவார்,
8 மார்ச்

என் தங்கம் கஸ்தூரிக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதம் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் மாமியாருக்கும் விஜயனுக்கும் என் வணக்கத்தைச் சொல். லோஷினியை அணைத்து ஒரு முத்தம் கொடு.

நீ சொல்வதுதான் சரி. கரண்டு சாமான்தான் காரணம். இந்தக் காலத்து வீடெல்லாம் வீடா, மின்சாரக் கடை மாதிரி இருக்கிறது. நம் வம்சத்தில் யாருக்கும் இப்படி ஒன்று இருந்ததில்லை. டாக்டர் மறுபடி கேட்டாலும் அப்படியே சொல். ஸ்கேனுக்கு அவசரப்படாதே. அத்தானிடம் சொல்லி லோஷினிக்கு ஒரு கட்டில் செய்யச் சொல்லியிருக்கிறேன். நம் மரப் பட்டறையிலேயே, ஓர் ஆணி, ஒரு திருகு இல்லாமல், முழுக்க மரப் பொருத்து. லாரி ஜொகூர் பாரு பக்கம் வரும்போது ஏற்றிவிடுவோம். அதைக் கூடத்தில் போட்டுப் படுக்க வை.

இன்னொன்று. மறுபடி வந்தால் சாவியெல்லாம் கையில் கொடுக்காதே. வாயில் கரண்டி, துணி எதையும் வைக்காதே. பிடித்து அமுக்காதே. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, அடங்கும்வரை பக்கத்தில் இரு. முழித்ததும் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணாதே, தலை விண்விண் என்று இருக்கும். குளியலறையில் தாழ் போட விடாதே.

இதை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. மலருக்குப் பொந்தியானிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் ரூபேந்திரன், சிங்கப்பூரில் வேலை. அம்மாக்காரி போன வாரம் வந்து சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா என்று பாட்டன் முப்பாட்டன்வரை விசாரித்துவிட்டுப் போனாள். பிள்ளை விழுந்தாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் கண் காது மூக்கு வைத்துப் பேசுவார்கள். மெயின் சுவிட்ச்சால் வந்தது என்றால் யாருக்கு என்ன வெட்கம்?

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

உன் அக்கா
ஷாமளா


உலு திராம்,
25 மார்ச்

அன்பு அக்காவுக்கு,

அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாரா, இல்லை வழக்கம்போல வீறாப்பா?

கட்டில் வந்து சேர்ந்தது. வழுவழுவென்று எவ்வளவு அழகு! கருவியை வைத்துப் பார்த்தேன், பச்சை. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். என்னை நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

இண்டக்‌ஷன் அடுப்பைக் கட்டிப் பரணில் போட்டாகிவிட்டது. மைக்ரோவேவைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வாட்டர் ஹீட்டர் இல்லை, பெரிய தொட்டியில் தண்ணீர் பிடித்து மொண்டு குளிக்கிறோம். குளிர்பெட்டி வாசலுக்குப் போய்விட்டது. விஜயன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மனிதர். சூடாக ஒன்றும் இல்லாமல் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு போகிறார். நேற்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "வீட்ட தாண்டி ரோட்டுல போனா மட்டும் காத்து வாங்குற மாதிரி இருக்கு கஸ்தூரி" என்றார். எனக்கு நெஞ்சில் குத்தியது. மாமியாருக்கோ சாமி விளக்கை அணைத்ததில் தாங்கவில்லை. "முருகனுக்குமா செவப்பு வெளக்கு?" என்று என்னோடு பேசுவதில்லை.

சாவி கொடுக்காதே என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் யோசித்தேன் அக்கா. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடு என்று ஏன் சொன்னார்கள்? காந்தத்தை இழுப்பது இரும்புதானே! உடம்பில் ஏறிய காந்தம் சாவி வழியாக இறங்குகிறது. நம் ஆட்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதனால் தலையணைக்கு அடியில் சாவி வைக்கலாம் என்று பார்த்தேன். ஆணி இல்லாத கட்டிலில் சாவியை வைத்தால் நல்லதா கெட்டதா என்று குழம்பிப்போய் எடுத்துவிட்டேன்.

ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னது அப்படியே உதவியது. போன வியாழன் வந்தபோது அப்படித்தான் செய்தேன். முழித்ததும் "தலை விண்விண்ணுன்னு இருக்கும்மா" என்றாள். நீங்கள் எழுதிய அதே வார்த்தை. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

டாக்டர் கொடுத்த ஊதா மாத்திரை அவளை ஒரேயடியாகத் தூங்க வைக்கிறது. கணக்குப் பாடத்தில் மேசைமேல் படுத்துவிடுகிறாளாம். காந்தத்தை நீக்கிவிட்ட பிறகு மாத்திரை எதற்கு? பாதியாகக் குறைக்கலாமா? உடனே எழுதுங்கள்.

கஸ்தூரி


மூவார்,
20 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அத்தானின் முழங்கால் தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடு, உன்னையும் பார்த்துக்கொள்.

மாத்திரையைக் குறைக்காதே. காந்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வேளைகூட விடாதே. தூக்கமெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

நல்ல செய்தி. மே பதினொன்றாம் தேதி மலருக்குப் பரிசம் போடுகிறார்கள். இங்கேயே மண்டபம் எடுத்தாகிவிட்டது. மலர் ஜொகூர் பாருவில் வேலையை விட்டு வர நேரமில்லாமல் வீடியோவிலேயே புடவை எடுக்கிறாள், பார்த்துக்கொள்.

நீயும் விஜயனும் அவசியம் வர வேண்டும். லோஷினியைப் பற்றித்தான் யோசனை. மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கி, கலர் விளக்கு, ஜெனரேட்டர் என்று எல்லாம் கரண்டு. அவ்வளவு காந்தத்துக்கு நடுவே பிள்ளையைக் கொண்டுவருவது நல்லதில்லை. உன் மாமியாரோடு வீட்டில் இருக்கட்டும். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஷாமளா


உலு திராம்,
2 மே

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே. பரிச வேலைகள் நல்லபடி நடக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன், விளக்கில்லாத முருகனை.

லோஷினி வரவில்லை. நானும் வரவில்லை அக்கா, அவளை விட்டுவிட்டு எனக்கு அங்கே சோறு இறங்காது. விஜயன் மட்டும் வருவார். கிளிப்பச்சைப் பாவாடையை அவளே எடுத்து மாட்டி வைத்திருந்தாள். பெரியம்மா வேண்டாம் என்கிறார், அங்கே கரண்டு அதிகம் என்றேன். "கரண்டு இருக்கறதுனாலயா, நான் எல்லார் முன்னாடியும் விழுந்துருவேன்னா?" என்று கேட்டாள். கரண்டுதான் என்று சத்தியம் பண்ணினேன். நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் வலித்தது.

சந்தோஷமான விஷயமும் உண்டு. உங்கள் கட்டிலில் படுக்க ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தது. மூன்று வாரமாக ஒன்றுமே இல்லை. கை உதறல்கூட இல்லை. நாம் சொன்னதுதான் சரி, காந்தம்தான்! அதனால் ஒரு முடிவுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். பிள்ளை முகமே தெளிந்துவிட்டது. விஜயனிடம் சொல்லவில்லை. ஸ்கேன் தேதிக்கும் போகப்போவதில்லை.

கஸ்தூரி


மூவார்,
9 மே

கஸ்தூரி,

இப்போதுதான் உன் கடிதம் வந்தது. நலம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை. மாத்திரையைக் கொடு. இதைப் படித்து முடிக்கும் முன்னே எழுந்துபோய்க் கொடு. திடீரென்று நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வரும். மூன்று வாரம் வராமல் இருந்தது மாத்திரையால்தான் இருக்கும். ஏன் எதற்கு என்று என்னைக் கேட்காதே. டாக்டரிடம் போ.

உன் கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. விஜயனுக்குப் போன் அடித்தேன். என் பக்கத்தில் ரூபேந்திரனின் அம்மா தாம்பாளத் தட்டு எண்ணிக்கொண்டு நின்றாள். "லோஷினி நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டேன். "நல்லா இருக்கா அண்ணி" என்றார். வைத்துவிட்டேன்.

கொடுத்துவிடு அம்மா. உன் காலில் விழுகிறேன்.

ஷாமளா


அரசு மருத்துவமனை, ஜொகூர் பாரு,
16 மே

அக்காவுக்கு,

லோஷினி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பரிசத்துக்கு மறுநாள் சாயங்காலம் குளிக்கப் போனாள். நான் பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டதே என்று மாமியார்தான் கதவைத் தள்ளியிருக்கிறார். தொட்டிமேல் கவிழ்ந்து, முகம் தண்ணீருக்குள். நான் வருவதற்குள் மாமியார் தூக்கிப் போட்டு ஒருக்களித்திருந்தார். உதடு நீலம். ஆம்புலன்சில் மறுபடி வந்தது, இங்கே வந்த பிறகும் விடாமல் வந்தது. இரண்டு நாள் குழாயோடு கிடந்தாள். இப்போது என்னைத் தெரிகிறது, பசிக்கிறது என்கிறாள். நுரையீரலில் போன தண்ணீர்தான் இன்னும் தொந்தரவு.

தாழ் போட விடாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் தாழைக் கழற்றியே எறிந்திருந்தேன். அதனால்தான் மாமியாரால் உள்ளே போக முடிந்தது. உங்கள் கடைசிக் கடிதம் நாங்கள் ஆம்புலன்சில் ஏறிய மறுநாள் வந்ததாம். விஜயன் உடுப்பு எடுக்கப் போனபோது கொண்டுவந்தார். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தியது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் வந்து மறுபடியும் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று. யாருக்கும் இல்லை என்றேன்.

நேற்று மலர் வேலை முடிந்து நேராக இங்கே வந்தாள். கையில் மருதாணிகூட மங்கவில்லை. தாதி மாத்திரை அட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மலர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சின்னம்மா, இது அம்மா சாப்பிடுற நரம்பு சத்து மாத்திரைலா? ஊதா கலரு, இதே பேரு. அம்மா தெனமும் ரெண்டு வேள போடுவாங்களே, லோஷினிக்கும் சத்து கம்மியா?" என்றாள்.

நான் மலரைப் பார்த்தேன். மலர் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே ஒரு கேள்விதான் அக்கா. நீங்கள் அந்த மாத்திரையை எதற்குச் சாப்பிடுகிறீர்கள்?

கஸ்தூரி


உலு திராம்,
20 ஜூன்

ஷாமளா,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய், இத்தனை வருடமும். அதுதானே என் வயிற்றெரிச்சல்.

ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. என் கைப்பேசியை எடுத்துப் போட்டு எத்தனை தடவை அடித்துவிட்டேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் உனக்குப் பிடித்த மாதிரியே காகிதத்தில் எழுதுகிறேன்.

லோஷினிக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. நகை, கிளிப், பொத்தான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு என்னையும் உள்ளே கூட நிற்கவிட்டார்கள். டமடமவென்று தகரக் கொட்டகையில் கல் விழுகிற சத்தம். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்கிறேன், அவள் பாட்டுக்கு அசையாமல் படுத்திருந்தாள். மூளையில் கட்டி ஒன்றும் இல்லை. தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்ததில்தான் வலிப்பு என்ன வகை என்று தெரிந்தது. அதற்கு மாத்திரை உண்டு, ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்கிறார்கள்.

அந்தக் கருவியை டாக்டரிடம் காட்டினேன். அவர் கேலி செய்யவில்லை. "வீட்டு சாமான்ல காந்தப் புலம் இருக்கறது உண்மைதாம்மா, ரொம்பக் கொஞ்சம். தள்ளி நின்னா அதுவும் கொறஞ்சிரும். அதனால வலிப்பு வருதுன்னு எந்த ஆராய்ச்சியும் காட்டல. நீங்க அடுப்ப நிறுத்தினது தப்பில்ல, மாத்திரைய நிறுத்தினதுதான்" என்றார். அவர் முன்னாலேயே, என் மாமியாரும் விஜயனும் கேட்க, "எங்கக்காவுக்கு வலிப்பு இருக்கு டாக்டர்" என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். சில குடும்பங்களில் இப்படி வரும், வந்தே தீரும் என்றும் இல்லை என்றார். "இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, கோயிலில் நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாய்ச் சமைப்பாள் என்றேன். டாக்டர் சிரித்தார். லோஷினி படுக்கையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பிள்ளை செத்துவிடுவாள், இல்லை புத்தி பேதலித்துவிடுவாள் என்று நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். "எனக்கும் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், நன்றாக இருக்கிறேன்" என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கட்டில் வேண்டாம். ஒரு வரி. என் பயத்தை நீ தட்டிக் கொடுத்து வளர்த்தாய். காந்தத்தைச் சொல்லி என் பிள்ளையை மண்டபத்துக்கு வரவிடாமல் செய்தாய். பரிசத்தன்று விஜயன் எதிரே நின்றும் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதை எப்படி மறப்பேன்?

பொந்தியான்காரர்களிடம் நான் போய்ச் சொல்ல மாட்டேன். பயப்படாதே. மலர் சொல்வாளா மாட்டாளா என்பது அவள் பாடு.

கஸ்தூரி


உலு திராம்,
6 ஜூலை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். நான் லோஷினி. நான் நலம். நீங்கள் நலமா? பெரியப்பா நலமா?

அம்மா உங்கள்மேல் கோபமாக இருக்கிறார். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். தபால்தலை அப்பா வாங்கிக் கொடுத்தார்.

உங்களுக்கும் என்னைப்போலவே வரும் என்று அம்மா சொன்னார். எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. மாத்திரை போட்டால் உங்களுக்கும் தூக்கம் வருமா? விழுவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நீங்கள் பள்ளியில் விழுந்தீர்களா? யாராவது சிரித்தார்களா? என்னைப் பார்த்து இரண்டு பையன்கள் சிரித்தார்கள். என் தோழி அல்ஃபியா என் பாவாடையை இழுத்துவிட்டு, சிரித்தவனைப் புத்தகப் பையால் அடித்தாளாம்.

அல்ஃபியா எனக்கு என்ன நோய் என்று கேட்கிறாள். நான் மயக்கம் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்லட்டுமா? அம்மா சொல்லலாம் என்கிறார். பாட்டி, சொன்னால் ஊரெல்லாம் தெரிந்து பிறகு உனக்குக் கல்யாணம் ஆகாது என்கிறார். உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதே. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

கட்டில் நன்றாக இருக்கிறது. நன்றி.

இப்படிக்கு,
லோஷினி விஜயன்


மூவார்,
15 ஜூலை

என் கண்ணு லோஷினிக்கு,

பெரியம்மாவின் ஆயிரம் முத்தம். இருமல் முழுக்க விட்டுவிட்டதா? பெரியப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அம்மாவுக்கு எழுத எத்தனையோ நாள் உட்கார்ந்தேன். எழுத முகமில்லை. போன் அடிக்கும்போது அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், கை போகாது. நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கும் முதலில் தூக்கம் வந்தது, பிறகு பழகிவிட்டது. விழுவதற்கு முன்னால் எனக்கும் தெரியாது. பதின்மூன்று வயதில் பள்ளியில் விழுந்தேன். சிரித்தார்கள். உன் அம்மா அப்போது தவழ்ந்து முடித்த பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பள்ளியை விட்டு நிறுத்தி, வெளியூரில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லித்தான் கல்யாணமும் செய்து வைத்தார்கள். நீ விழுந்தாய் என்று அம்மா எழுதியதும் என் ரத்தம்தான் உனக்கு வந்துவிட்டது என்று பயந்தேன். அடுத்த வரியிலேயே காந்தம் என்று எழுதியிருந்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கரண்டுமேல் பழியைப் போட்டால் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. மலர் கல்யாணமும் தப்பிக்கும். அப்படி நினைத்தேன். உன்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரூபேந்திரன் வீட்டார் கல்யாணப் பேச்சு பேசச் சாப்பிட வந்தார்கள். மாத்திரை நேரம் வந்தால் நான் எப்போதும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எழுந்தேன். உன் கடிதம் ரவிக்கைக்குள் இருந்தது. மறுபடி உட்கார்ந்து, இலைக்குப் பக்கத்திலேயே அட்டையைப் பிரித்து, தண்ணீரை ஊற்றிப் போட்டுக்கொண்டேன். "என்னா மாத்திரை சம்மந்தி?" என்றார் ரூபேந்திரனின் அம்மா. "வலிப்புக்கு. பதிமூணு வயசுலேருந்து போடுறேன். எந்தங்கச்சி மகளுக்கும் இருக்கு" என்றேன்.

சாப்பாட்டில் வைத்த கை எல்லாம் அப்படியே நின்றது. உன் பெரியப்பாவை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. அவர் ரசச் சட்டியை நகர்த்திக்கொண்டே, "எனக்குத் தெரியும்லா. மலர் பொறந்த வருஷமே பாத்துட்டேன். நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். மலர் எழுந்துவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள். இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. ரூபேந்திரன் மட்டும் மலரிடம் பேசுகிறான் போலிருக்கிறது, அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன். கல்யாணம் நின்றாலும் நிற்கும். பயம் இருக்கத்தான் செய்கிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கல்யாணம் நடந்தால் நீ மலர் பக்கத்தில் நிற்க வேண்டும், மேடையில். இது மலர் சொல்லி எழுதுவது.

மற்றக் கேள்விக்குப் பதில்: அல்ஃபியாவிடம் சொல். மறுபடி நீ விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க அவளுக்குச் சொல்லிக் கொடு. பாட்டி கோபித்தால், என் பெரியம்மாவுக்கும் இருக்கிறது என்று என் பெயரைச் சொல். யார் கேட்டாலும் சொல்.

உன் பெரியம்மா
ஷாமளா சுகுமாறன்